எக்ஸ்ரே அண்ணனின் மெழுகுப் போத்தல்கள்

ஒரு வெறும் சோடாப் போத்தலைக் கையில் எடுத்து, "ஒனக்கு எங்கம்மா வலிக்குது?" என்று உண்மையான அக்கறையோடு விசாரிக்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரும் தலவாக்கலைக்கு வந்து, நான் வேலை பார்த்த அதே சோடாக் கம்பெனியில், என் மேசைக்கு நேர் எதிரே உட்கார்ந்தது என் ஜாதகக் கோளாறு.

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். வாக்காளர் இடாப்பில் அது இருந்திருக்கவும் கூடும். எங்களுக்கு அவர் எக்ஸ்ரே அண்ணன். நாற்பதைத் தாண்டிய தனிக்கட்டை. ஒல்லி உடம்பு, காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி, மீசை என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவந்த மூன்று மயிர். கடைகளிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் திரும்பி வரும் போத்தல்களைக் கழுவிய பிறகு, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவர் வேலை. பார்த்துவிட்டு மூன்று தீர்ப்பில் ஒன்றைச் சொல்வார். "சுத்தம்" என்றால் சோடா நிரப்பலாம். "காயம்" என்றால் ஒதுக்கி வைக்க வேண்டும். "முடிஞ்சுது" என்றால் தொப்பியைக் கழற்றுவார்.

கம்பெனி என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு தகரக் கூரை, ஏழு பேர். இது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சோடா நிரப்ப ஒரு மெஷின் இருந்தது. வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனது என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். ஏன் விட்டுவிட்டுப் போனான் என்பது அதைப் பார்த்தவுடன் விளங்கும். நான் கலைப்பிரிவில் பட்டம் வாங்கிய கையோடு அங்கே கிளாக்காகச் சேர்ந்திருந்தேன். ஆங்கிலக் கடிதம் எழுதுவதும் போத்தலில் லேபல் ஒட்டுவதும் என் பொறுப்பு. ஆங்கிலக் கடிதம் மாதத்துக்கு ஒன்று வரும். மற்ற நேரமெல்லாம் என் பட்டப்படிப்பு கோதுமை மாக் கூழில் கரைந்துகொண்டிருந்தது.

எக்ஸ்ரே அண்ணனின் பார்வை கம்பெனி வாசலோடு நிற்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் கிளாஸை முதலில் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். பிறகுதான் உள்ளே இருப்பதைக் குடிப்பார். அதற்குள் அது ஆறியிருக்கும். கல்யாண வீட்டில் எல்லோரும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் பரிசாக வந்த சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஹட்டன் போகும் ஒரு பஸ்ஸில் அவர் ஏறவே மாட்டார். அதன் முன்கண்ணாடியில் ஒரு விரிசல் இருந்தது. தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அதை விரலால் அளப்பார்.

"போன வாரம் ஒரு சாணு. இன்னைக்கி ஒன்றரை. பனி குடிச்சு வளருதுங்க."

"ஏறுங்கண்ணே. கண்ணாடிக்கா டிக்கட் கேட்டேன், ஒங்களுக்குத்தானே கேட்டேன்" என்பான் கொண்டக்டர்.

"நீங்க போங்க தம்பி. நான் ஒடம்பு நல்லா இருக்கிற பஸ்ஸுல வாரேன்."

கண்ணாடிக் கீறலுக்குள் ஈரம் போனால் கீறல் வளரும் என்பது அவர் சித்தாந்தம். வருடத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் ஊரில் இருந்துகொண்டு இப்படியொரு சித்தாந்தம் வைத்திருப்பவர் நிம்மதியாக வாழ முடியாது. அவர் வாழவில்லை.

எங்கள் போத்தல்களும் நிம்மதியாக வாழவில்லை. தோட்டத்து ரோட்டில் லொறி ஏறி இறங்கும்போது பெட்டிக்குள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே போகும், உரசிக்கொண்டே வரும். பத்துத் தடவை போய் வந்த போத்தலுக்குத் தோளிலும் அடியிலும் வெள்ளை வெள்ளையாக வளையம் விழுந்துவிடும். அந்த வளையம் முழுக்கக் கீறல். அதற்குள் காஸை அழுத்தி நிரப்பினால் என்ன நடக்கும் என்பது போத்தலின் மனநிலையைப் பொறுத்தது.

தைப்பொங்கலுக்கு மறுவாரம் ஒரு போத்தல் கெட்ட மனநிலையில் இருந்தது.

மெஷினை மிதிப்பவர் ராசம்மாக்கா. ஐம்பதை நெருங்கிய பலசாலி. அவர் வாய் திறந்தால் லொறி டிரைவர் சுனில்கூட சிங்களத்தை மறந்துவிட்டுத் தமிழில் மன்னிப்புக் கேட்பார். மெஷினுக்கு முன்னால் ஒரு கம்பி வலை உண்டு. வலையில் ஒரு ஓட்டையும் உண்டு. போத்தல் வெடித்ததில் ஒரு சில்லு அந்த ஓட்டையைத் தேடிப் பிடித்து வந்து, அக்காவின் இடது கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கியது. ஆஸ்பத்திரியில் நான்கு தையல் போட்டார்கள். கொஞ்சம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் டாக்டர்.

"என் மூஞ்சிய இனிமே பொண்ணு பாக்கவா வரப்போறாங்க. விடுங்க" என்று மறுநாளே அக்கா வேலைக்கு வந்துவிட்டார். வேறு வேலை பாருங்கள் என்று சொன்னதற்கு, "இந்தக் கழுதைய வேற யாரு மிதிப்பா? நீ மிதிப்பியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் என் லேபல்களைப் பார்த்தேன்.

எக்ஸ்ரே அண்ணன் வெடித்த போத்தலின் துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கினார். என் மேசையில் பரப்பி, இரண்டு நாள் உட்கார்ந்து, குழந்தைகள் படம் சேர்ப்பதுபோல் சேர்த்தார். விரிசல்கள் எல்லாம் எங்கிருந்து பிரிந்து போகின்றன என்று விரலால் பின்னோக்கி நடந்தார். தோளில், நகக்கண் அளவு ஒரு கீறலில் வந்து விரல் நின்றது.

"இங்கதான் ஆரம்பிச்சிருக்கு" என்றார். பிறகு, "நான் சுத்தம்னு சொன்ன போத்தலு தம்பி" என்றார்.

அன்றைக்கு அவர் தொப்பியைக் கழற்றவில்லை. கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

முதலாளிக்கு மனம் இளகியது. இளகிய மனத்தோடு எங்களைக் கூப்பிட்டு, இனி ஒரு போத்தல் வெடித்தாலும் கம்பெனியை மூடிவிடுவேன், வீடியோக் கடை வைக்க இடம் கேட்டு ஆள் நிற்கிறது என்று சொன்னார். புதுப் போத்தல் வாங்கலாமே என்றேன். சந்திரனில் காணி வாங்கலாமே என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சித்திரையில் திம்புள்ளப் பக்கத் தோட்டம் ஒன்றில் தேர். நாற்பது பெட்டி சோடா போக வேண்டும். வருடத்திலேயே பெரிய ஓடர் அது. அதில் தெரிந்துவிடும் என்றார்.

ஆக, எக்ஸ்ரே அண்ணனுக்கு இருந்தது மூன்று மாதம். ஏழு பேரின் வேலை ஒரு பக்கம். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. "அக்கா இன்னும் அந்த மெஷினு முன்னாடிதான் நிக்கிறாங்க" என்று மட்டும் தினமும் சொல்வார், ஏதோ புதுச் செய்தி சொல்வதுபோல்.

கீறலே விழாமல் போத்தலுக்கு மேல் எதையாவது பூசிவிட்டால் என்ன என்பது அவர் யோசனை. முதலில் தேங்காயெண்ணெய் பூசினார். போத்தல்கள் வழுக்கிக்கொண்டு அழகாகத்தான் இருந்தன. இரண்டாம் நாள் ரோட்டுப் புழுதி முழுவதும் அவற்றின் மேல் இருந்தது. மூன்றாம் நாள் எறும்பு வந்தது. அடுத்து சவர்க்காரம். வழியில் மழை பிடித்து, லொறியின் பின்பக்கம் நுரை தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்து ஒரு பொலிஸ்காரர் நிறுத்தி, உள்ளே என்ன மிருகம் என்று கேட்டாராம். அடுத்து வார்னிஷ். அது காய்வதற்குள் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டார்கள். ஒரு போத்தலை எடுக்கப் போனால் இருபத்துநான்கும் கூடவே எழுந்து வந்தன.

பிறகு ஒருநாள் பேன்சி கடையில் பன்னிரண்டு போத்தல் நகப் பொலிஷ் வாங்கினார். மத்தியானத்துக்குள் தலவாக்கலைக்கே தெரிந்துவிட்டது. ராசம்மாக்கா மெஷினை நிறுத்திவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"யாருடா பொண்ணு?"

"பொண்ணு இல்லக்கா."

"பன்னெண்டு போத்தல் வாங்கியிருக்க. அவளுக்கு எத்தன வெரலு?"

"போத்தலுக்குப் பூசத்தான்க்கா. தோளுக்கு மட்டும்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தச் செலவுக்கு நீ ஒரு கல்யாணமே கட்டியிருக்கலாம்."

நகப் பொலிஷ் இரண்டு பெட்டிப் போத்தலுக்குத்தான் காணுமாக இருந்தது. அந்த இரண்டு பெட்டியும் போன இடத்தில், சோடாவைக் குடிக்காமல் போத்தலை வீட்டில் அழகுக்கு வைத்துக்கொண்டார்கள்.

இந்த நாட்களில் அவர் முகத்தில் வாரத்துக்கு ஒரு பிளாஸ்டர் துண்டு முளைக்கும். ஒரு வாரம் கன்னத்தில், ஒரு வாரம் நாடியில்.

"என்னண்ணே இது?"

"சவரங்க தம்பி. பிளேடு மொட்ட."

"கவ்வாத்துக் கத்தியாலயா சவரம் பண்றீங்க?" என்பேன். தேயிலைச் செடியை வெட்டும் கத்தியைச் சொன்னேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். கம்பெனிச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. காலையில் நாங்கள் வரும்போது கதவு திறந்திருக்கும். மெஷின் நிற்கும் இடத்தில் தரை கழுவி ஈரமாக இருக்கும். இவ்வளவு சுத்தமான மனிதருக்கு ஒரு சவரம் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையே என்று நான் ஆச்சரியப்பட்டதுண்டு. அந்தக் காலத்தில் நான் வாரத்துக்கு இரண்டு துப்பறியும் நாவல் படித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

நகப் பொலிஷும் தோற்ற பிறகு, இங்கிலீஷ் படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைப் பொது நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே பெரிய ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்று இருந்தது. கண்ணாடி என்ற பகுதியை, கலைப்பிரிவுப் பட்டதாரிக்கே உரிய துணிச்சலோடு நான் படித்துச் சொன்னேன். கண்ணாடி பிறந்த நிமிஷத்தில் இரும்போடு மல்லுக்கு நிற்கும் பலசாலி. பிறகு எதையாவது உரசிக்கொள்கிறது, அதோடு சரி. அடி மட்டும் பட்டால் தாங்கும், கீறல் இருக்கும் இடத்தில் அடி பட்டால் அங்கிருந்து பிளக்கும். அதனால் போத்தல் தொழிற்சாலையில், அச்சிலிருந்து வந்த சூட்டோடேயே தகர ஆவியால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சுக் கொடுக்கிறார்கள். ஆறியதும் அதன்மேல் மெழுகு மாதிரி இன்னொரு பூச்சு. பிறகு போத்தலும் போத்தலும் உரசினால் கீறாது, வழுக்கிக்கொண்டு போய்விடும். ஈரம் பட்டால் விரிசல் வளரும் என்றும் அதில் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் விரலால் அளந்து அதைக் கண்டுபிடித்தவருக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

எக்ஸ்ரே அண்ணன் அந்தப் பக்கத்தையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். நூலகர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"அப்ப நம்ம போத்தலுங்களுக்கும் சின்ன வயசுல சட்ட இருந்திருக்கு" என்றார் அண்ணன் கடைசியில். "நாமதான் எரிசோடாவப் போட்டுக் கழுவிக் கழுவி அம்மணமாக்கிட்டோம்."

போத்தல் பளபளக்க வேண்டும் என்று கழுவுகிற தண்ணீரில் எரிசோடாக் காரத்தை இரண்டு மடங்கு போடச் சொன்னவர் முதலாளி. அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன். எக்ஸ்ரே அண்ணன் தயங்கவில்லை. பஜாரில் கண்ணாடி வெட்டுகிறவரிடம், அவர் கோடு கிழிக்கும் வைர முனைப் பேனாவை இரவல் வாங்கிக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனார்.

முதலாளி மேசைமேல் தடித்த கண்ணாடி ஒன்று உண்டு. அதற்குக் கீழே சாமி படங்கள், நடுவில் முதலாளி ஒரு அமைச்சருக்குக் கைகொடுக்கும் படம்.

"மொதலாளி, இதுல கையால குத்துங்க."

முதலாளி குத்தினார். கை வலித்தது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இப்பப் பாருங்க" என்று பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். தலைமயிர் அளவுக் கோடு. அந்தக் கோட்டுக்கு மேல் சுண்டுவிரலால் ஒரு தட்டு. கண்ணாடி பாணைப் பிட்டதுபோல் இரண்டாகப் பிளந்தது, சரியாக முதலாளிக்கும் அமைச்சருக்கும் நடுவில். அடுத்த தேர்தலில் முதலாளி கட்சி மாறியதற்கு இதுவே காரணம் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

முதலாளிக்குக் கோபத்தில் பேச்சு வரவில்லை. அந்த இடைவெளியில் எக்ஸ்ரே அண்ணன் தன் கட்சியைச் சொல்லி முடித்துவிட்டார்.

"ரெண்டு சம்பந்தி ஒரே வீட்டுல ஒரசிக்கிட்டே இருந்தா குடும்பம் ஒடையுமா ஒடையாதா? நடுவுல கொஞ்சம் மெழுகு வேணுங்க மொதலாளி."

முதலாளி வீட்டில் அப்போது சம்பந்தி வந்து இரண்டு மாதமாகத் தங்கியிருந்தார். அனுமதி கிடைத்தது.

மெழுகு பழைய கீறலை ஆற்றாது, புதுக் கீறல் விழாமல்தான் காக்கும். அதனால் முதலில் இருக்கிற போத்தல்களில் மூன்றில் ஒரு பங்கை அவர் தள்ளிவைத்தார். முதலாளி அந்தக் குவியலைப் பார்த்து உறவுக்காரர் செத்ததுபோல் நின்றார். மிச்சத்துக்கு மெழுகுதிரியை உருக்கிப் பூசினால், தலவாக்கலைக் குளிரில் போத்தலைத் தொட்ட மறுகணமே அது கட்டி கட்டியாக உறைந்தது. போத்தலுக்கு அம்மை வார்த்த மாதிரி இருந்தது. போத்தல் சூடாக இருந்தால்தான் மெழுகு மெல்லிசாகப் படியும். எங்கள் ஊரில் ஈரமில்லாமல் சூடாக இருக்கும் இடம் ஒன்றுதான். தேயிலை காய வைக்கும் ஸ்டோர்.

பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் தேயிலை உலர்த்தும் டிரையரைப் பார்த்துக்கொள்பவர் எக்ஸ்ரே அண்ணனுக்கு மச்சான் முறை. ஸ்டோர் மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், மச்சானும் இவரும் பத்துப் பெட்டிப் போத்தலை உள்ளே கொண்டுபோய், டிரையரை மூட்டி, சூடேற்றி, மெழுகு பூசிக் கொண்டுவந்தார்கள். அப்படியொரு அழகு. ஒன்றோடொன்று உரசினால் சத்தமே இல்லை. ராசம்மாக்காகூட ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "கொழந்த கன்னம் மாதிரி இருக்கு" என்றார்.

தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசத்தையும் குடித்துவிடும் என்பது மலையகத்தில் பிறந்த பூனைக்கும் தெரியும். டிரையர் அறைக்குள் வாசனைச் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுப் போகவே ஆட்கள் பயப்படுவார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் போத்தல் மட்டுமே தெரிந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில், அந்த ஸ்டோரில் தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்து மனிதர். கையில் ஒரு பொட்டலம்.

"ஆர் காணும் உங்க எக்ஸ்ரே எண்டுறது? இதை மணந்து பாரும். திங்கட்கிழமைத் தேயிலை. வாயில வைச்சா மாதா கோயிலுக்குள்ள போன மாதிரிக் கிடக்கு. நான் என்ன தேயிலை செய்யிறனோ, பூசை வைக்கிறனோ?"

எக்ஸ்ரே அண்ணன் மணந்து பார்த்தார். "மெழுகு நல்லாப் புடிச்சிருக்குங்க ஐயா" என்றார், நேர்மையாக.

டீமேக்கர் அரை மணி நேரம் திட்டினார். நல்ல தமிழ். முழுவதையும் எழுதிவைத்திருந்தால் இன்றைக்கு எனக்கு உதவியிருக்கும். கடைசியில், "உந்தச் சூடு தேவையெண்டா பேக்கரிக்குப் போம். பாண் எடுத்த பிறகு போறணை சும்மாதானே கிடக்கும். பாணுக்கு மணமும் தெரியாது, மானமும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தேயிலையை அவர் விற்கவில்லை. ஒரு சாக்கில் கட்டி எங்களுக்கே அனுப்பிவைத்தார். மூன்று மாதம் நாங்கள் குடித்த தேத்தண்ணியில் ஜெபம் மட்டும்தான் குறைவு.

பேக்கரிப் போறணையின் மிச்சச் சூட்டில் தினமும் பிற்பகல் இரண்டு பெட்டி, மூன்று பெட்டி என்று பூச்சு நடந்தது. அப்போதுதான் என் தலையில் இடி விழுந்தது. மெழுகின்மேல் லேபல் ஒட்டவில்லை. ஒட்டுவேன், திரும்பிப் பார்ப்பேன், போத்தலின் காலடியில் விழுந்து கிடக்கும். என் உத்தியோகமே அந்த லேபல்தான். உயிர் பயத்தில் எனக்கு வாழ்க்கையிலேயே ஒரே ஒரு நல்ல யோசனை வந்தது. போத்தலும் போத்தலும் முட்டிக்கொள்வது தோளிலும் அடியிலும்தான். அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் மெழுகைப் பூசிவிட்டு நடுவயிற்றை எனக்கு விட்டுவிடுங்கள் என்றேன்.

எக்ஸ்ரே அண்ணன் என்னை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சுத்தம்" என்றார். நான் வாங்கிய பட்டங்களில் அதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

தேர் நாள் வந்தது. நாற்பது பெட்டியையும் ராசம்மாக்கா இரண்டு நாளில் மிதித்து முடித்தார். ஒன்றும் வெடிக்கவில்லை. அந்த இரண்டு நாளும் எக்ஸ்ரே அண்ணன் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கையைத் தூக்கியபடியே நின்றார், வெடித்தால் சில்லைக் கையால் பிடித்துவிடுவதுபோல். "தள்ளி நில்லுடா, வெளிச்சத்த மறைக்காத" என்று அக்கா ஏசிக்கொண்டே மிதித்தார்.

லொறியில் சுனிலும் முதலாளியும் முன்னால் இருந்தார்கள். நானும் எக்ஸ்ரே அண்ணனும் பின்னால் பெட்டிகளோடு. ஊர் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் சுனில் லொறியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"அண்ணே, பெட்டி இருக்கா?"

"இருக்கு சுனில்."

"சத்தம் இல்லே. நான் விழுந்திட்டுன்னு நெனச்சேன்."

பாவம், அவர்மேல் குற்றமில்லை. பத்து வருடமாக அந்த லொறி போத்தல்களின் ஒப்பாரியோடுதான் ஓடியது. அன்றைக்கு நாற்பது பெட்டியும் மூச்சுவிடாமல் வந்தன. சுனிலுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் இரண்டு தடவை நிறுத்தி எண்ணிவிட்டுப் போனார்.

வழுக்குவதிலும் ஒரு சங்கடம் உண்டு என்பது தோட்டத்துக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவில் தெரிந்தது. பெட்டிகளுக்கு அடியிலும் மெழுகு ஒட்டியிருந்தது போலிருக்கிறது. லொறி திரும்பியது, மேல்வரிசைப் பெட்டி ஒன்று திரும்பவில்லை. என் கண்முன்னே அது ஆடாமல் அசையாமல், ராஜா பல்லக்கில் போவதுபோல் வெளியே போனது. ரோட்டில் விழுந்து பலகை பிரிந்து, இருபத்துநான்கு போத்தலும் சரிவில் தேயிலைக்குள் உருண்டன. மேலே தேர் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. வெடிச் சத்தம் வரப்போகிறது என்று நான் காதைப் பொத்தினேன். முதலாளி இறங்கி நின்றார். அவர் முகத்தில் வீடியோக் கடை தெரிந்தது.

எக்ஸ்ரே அண்ணன் லொறியிலிருந்து குதித்துச் சரிவில் ஓடினார். தேருக்குப் புதுச்சேலை கட்டிப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் என்ன ஏது என்று கேட்டு, தாங்களும் இறங்கித் தேயிலைக்குள் கைவிட்டுத் துழாவினார்கள். கொழுந்து பறித்த கை. ஐந்து நிமிடத்தில் போத்தல்கள் ரோட்டுக்கு வரத் தொடங்கின. ஒவ்வொன்றையும் அவர் வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"சுத்தம். சுத்தம். சுத்தம்."

கல்லில் மோதி ஒன்று உடைந்திருந்தது. சரிவு முழுக்கப் பழைய தேயிலைச் சருகு மெத்தைபோல் கிடந்ததையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இருபது கிடைத்தன. மிச்சம் மூன்றும் பல மாதம் கழித்து, அந்த மலையில் கொழுந்து பறித்தவர்கள் கையில் ஒவ்வொன்றாக அகப்பட்டன. காஸ்கூடக் குறையவில்லையாம்.

முதலாளி ஒரு போத்தலை வாங்கி, ரோட்டிலேயே திறந்து, ஒரே மூச்சில் குடித்தார். ஏப்பம் விட்டார். வீடியோக் கடையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அதன் பிறகு கம்பெனி இன்னும் ஏழெட்டு வருடம் நடந்தது. ஒவ்வொரு கழுவலுக்கும் மெழுகு கரைந்துபோகும், ஒவ்வொரு கழுவலுக்கும் திரும்பப் பூசுவார். ராசம்மாக்காவின் மெஷினில் ஒரு போத்தல்கூட வெடிக்கவில்லை. கடைசியில் எங்களை மூடியது பிளாஸ்டிக் போத்தல். அதை ஒருதரம் கையில் வாங்கிப் பார்த்த எக்ஸ்ரே அண்ணன், "கீறுனாலும் கோவப்படாது, போட்டாலும் சத்தம் போடாது. இதுக்கிட்ட என்னத்தப் பேசுறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்னும் சில வருடம் கழித்து நுவரெலியா பஸ்ஸில் ராசம்மாக்காவைப் பார்த்தேன். கன்னத்துத் தழும்பு சுருக்கங்களோடு சுருக்கமாகிவிட்டிருந்தது. பழைய கதை பேசிக்கொண்டே போனோம். நான் என் பழைய பகிடியை எடுத்துவிட்டேன். எக்ஸ்ரே அண்ணன் இப்போதாவது ஒழுங்காகச் சவரம் பண்ணப் பழகிவிட்டாரா என்று கேட்டேன்.

அக்கா சிரிக்கவில்லை.

"ஏந்தம்பி, படிச்ச புள்ளதானே நீ. அவனுக்குத் தாடி எங்க மொளைச்சுச்சு?"

எனக்கு அந்த மூன்று மயிர் ஞாபகம் வந்தது.

"ஒருநாள் நான் வெள்ளன வந்துட்டேன். பாத்தா, மெஷினுல வலையக் கழட்டி வச்சுட்டு நிக்கிறான். புதுசா எதப் பூசுனாலும் ஒரு பெட்டி போத்தலுக்குக் காஸக் கூட்டி அடிச்சுப் பாப்பானாம், நான் வர்றதுக்கு முன்னாடி. மூஞ்சியெல்லாம் ரத்தம். வலைய ஏன்டா கழட்டுனேன்னு கேட்டா, வலை மறைக்குதுக்கா, எந்த எடத்துல விட்டுப்போவுதுன்னு தெரியலங்கிறான்."

"நீங்க எங்ககிட்டச் சொல்லவே இல்லையே."

"சொல்லக் கூடாதுன்னான். சொன்னா நீங்கள்லாம் அவன லூசுன்னு நெனப்பீங்களாம்."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. நான் அதற்கு முன்பே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை அக்காவிடம் சொல்லவில்லை.

அவர் வலப்பனையில் இருப்பதாக அக்கா சொன்னார். அடுத்த வாரம் போனேன். பஜாரில் ஒரு தொலைபேசிக் கடை. அதன் வாசலில் சின்னக் கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், கம்பளித் தொப்பி. போன் முகத்துக்குக் கீறல் விழாமல் மெல்லிய தாள் ஒட்டிக் கொடுக்கிறார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். கைகொடுக்கப் போனேன். என்னை விட்டுவிட்டுப் போனை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எங்க விழுந்த?" என்று அதனிடம் கேட்டார்.

பிறகுதான் என்னிடம், "வாங்க தம்பி, இன்னும் லேபல் ஒட்டுறீங்களா?" என்றார்.

"இல்லண்ணே. பத்திரிகையில எழுதுறேன்."

"ஒட்டுதா?"

"சிலது."

தாளை ஒட்டும்போது பார்த்தேன். போனை மூக்குவரை கொண்டுபோனார். கண் மங்கியிருந்தது. கன்னத்திலும் நாடியிலும் மெல்லிய வெள்ளைக் கோடுகள், எண்ணினால் ஏழெட்டு வரும். சவரத்தைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும்போல் வாய்வரை வந்தது. அவர் ஒட்டி முடித்துத் திரும்ப வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சுத்தம்" என்று கையில் தந்தார்.

ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழி இருந்தது. மிளகு அளவு. எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் போன் செத்து வருடங்களாகின்றன. மேசை லாச்சியில் கிடக்கிறது. எப்போதாவது எடுத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன். நகத்தால் ஒரு தள்ளுத் தள்ளினால் குமிழி போய்விடும். இதுவரை தள்ளவில்லை.